சாம்பல், நிலை மூன்று

என் இடது கண் சிவந்து பதினெட்டு நாள் ஆனபோது, முனியாண்டி கோயில் வாசலில் நான் காரை விட்டு இறங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடந்தவற்றுக்கு எல்லாரும் இயந்திரத்தைத்தான் குறை சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொரு வருடம் சுங்கைப்பட்டாணியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் எல்லாருக்கும் நவமணி டீச்சர். என் கணவர் துரைசிங்கம் நில அளவைத் துறையில் இருந்தவர், எங்கள் தேவாலயத்தில் மூப்பர். எங்கள் இருவருடைய பாட்டன்மாரும் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர்கள். "உத்தியோகத்துக்கு" என்ற சொல்லை அவர் ஒருமுறை அழுத்திச் சொல்வார், யாரும் கேட்காவிட்டாலும். ஓய்வுக்குப் பிறகு புக்கிட் செலம்பாவில் மூலைவீடு ஒன்று கிடைத்து வந்துவிட்டோம். அக்கம்பக்கம் முழுக்க ரப்பர்த் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள். அவர் அவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்வார். மிகவும் மரியாதையாக. அந்த அளவு மரியாதையைத் தாண்டி யாரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை, பக்கத்து வீட்டு ரமணியைத் தவிர.

கண்ணுக்குப் பல்வலி வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. வெளிச்சம் பட்டால் குத்தியது. கிளினிக்கில் கொடுத்த சொட்டு மருந்து ஒன்றும் செய்யவில்லை. என் வலது கண் பிறவியிலேயே சோம்பேறி. உருவங்கள் தெரியும், எழுத்து தெரியாது. நான் இதுவரை படித்ததெல்லாம் இடது கண்ணின் தனி உழைப்பு. அந்தக் கண்ணில்தான் இப்போது பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஞானப்பாட்டுப் புத்தகத்தில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. நான் மனப்பாடமாகப் பாடினேன். பக்கத்தில் நின்ற துரைசிங்கத்துக்குத் தெரியவில்லை.

ரமணிக்குத் தெரிந்துவிட்டது. அவள் கையுறை ஆலையில் நாள் முழுக்க ஓட்டை பார்க்கிற வேலை செய்பவள்.

"டீச்சர், கண்ணு என்னா மொளகாப்பழம் மாதிரி இருக்கு? வர்ற வெள்ளிக்கெளமை டேவான்ல கண்ணு செக் பண்ண வர்றாங்களாம். ஓசி. புது மெசினாம், டாக்டர்கூட வேணாமாம், அதுவே பாத்து அதுவே சொல்லிடுமாம். பேரு குடுத்துட்டேன், வாங்க லா."

மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. கண் முகாமை அன்றைக்கு வைத்தவர்களுக்கு வேறு ஒன்றும் தோன்றியிருக்காது. அது ஆடி மாதமும்கூட.

போகும் வழியில் ரமணி கோயிலில் நிறுத்தினாள். வழக்கமாக நான் காரிலேயே குளிர்காற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் இறங்கி, செருப்பை உதறிவிட்டு, கதவைத் தட்டி வீட்டுக்குள் போகிறவள் போலப் போனாள். அன்றைக்கு நான் இறங்கியதைப் பயம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பயம் கண் சிவந்த நாளிலிருந்தே கூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில்கூட அதை யாரிடமும் சொல்லவில்லை. எங்களில் சொல்வதில்லை. ரமணிக்குப் போய்ச் சொல்ல ஓர் இடம் இருந்தது, சொல்லிவிட்டு வெறும் கையோடு வரவும் தெரிந்திருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

"யாத்தே, டீச்சர் எறங்கிட்டாங்க!" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. என் நெற்றியில் மூன்று விரலால் இழுத்தாள். பிறகு ஒரு சிட்டிகைத் திருநீற்றை உள்ளங்கையில் வைத்து, "மூடுங்க" என்று இடது கண்ணின் மேல் ஊதிவிட்டாள். குளிர்ச்சியாக இருந்தது. என் வாழ்க்கையில் யாரும் என் முகத்தில் அவ்வளவு பக்கத்தில் மூச்சு விட்டதில்லை என்று அப்போது அபத்தமாக நினைத்துக்கொண்டேன். எனக்குத் திருமணமாகி முப்பத்தைந்து வருடம்.

டேவானில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், இயந்திரம் ஒரு மேசைமேல் இருந்தது. குளிர்பெட்டியின் தலையை மட்டும் வெட்டி வைத்ததுபோல வெள்ளையாக இருந்தது. மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் அழுத்த வேண்டும். மெல்லிய ஒளிக்கீற்று கண்ணுக்குள் பாயும். மலாய்ப் பெண்குரல் ஒன்று "சீலா ஜாஙான் பெர்கெலிப்" என்று கெஞ்சும், கண் சிமிட்டாதீர்கள் என்று. பிறகு ஒரு தாள் வெளியே வரும்.

இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் குணவதி என்ற தாதி. கண்ணுக்குள் அழற்சி இருந்தால் வெள்ளணுக்கள் தூசிபோல மிதக்கும், ஒளிக்கீற்றில் அவை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், இயந்திரம் அவற்றை எண்ணிச் சுழியத்திலிருந்து நான்கு வரை நிலை சொல்லும் என்று எல்லாருக்கும் விளக்கினாள். இந்த மாதிரி லட்சம் கண்களைப் பார்த்துப் பழகிய இயந்திரமாம். எந்த ஊர்க் கண்கள் என்று யாரும் கேட்கவில்லை.

காலையில் வந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள், கோயிலிலிருந்து நேராக. நெற்றிகள் ஒவ்வொன்றாகப் பட்டையில் அழுந்தின. நண்பகலுக்குள் கறுப்புப் பட்டை வெள்ளையாகிவிட்டது.

அறுபத்து மூன்று பேரில் அறுபத்தொரு பேருக்கு அழற்சி.

"ஒனக்கு எத்தன?" "மூணு." "எனக்கு நாலு லா. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டுதான்." "அவரு எதுலதான் முழுசா வாங்கியிருக்காரு!"

எண்பது வயது மருதம்மாளுக்கும் நான்கு. அவர் தாளை எட்டப் பிடித்து, கண்ணாடி இல்லாமல், கீழே பொடி எழுத்தில் இருந்த தொலைபேசி எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இந்தக் கண்ணா அவிஞ்சு போச்சுங்கிற?" என்று குணவதியைக் கேட்டார்.

என் தாளிலும் நான்கு. பெரிய மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க இரண்டு வாரத்தில் தேதி போட்டிருந்தது. வெளியே குழாயடியில் முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். துரைசிங்கத்திடம் தாளை நீட்டினேன். கோயிலைப் பற்றிச் சொல்லவில்லை.

பிற்பகலில் வந்த மலாய்க்காரர்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவிவிட்டு வந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் அழற்சி இல்லை. ஆகவே திங்கட்கிழமை சுகாதாரத் துறையிலிருந்து ஒரு குழு வந்தது. புக்கிட் செலம்பாவ் தமிழர்களுக்கு மட்டும் கண்ணழற்சி பரவுவது ஏன் என்று வீடுவீடாகக் கேட்டார்கள். பூனை வளர்க்கிறீர்களா, கிணற்றுத் தண்ணீரா, ரப்பர் மரம் சீவும்போது கித்தாப்பால் கண்ணில் பட்டதுண்டா, முப்பது வருடத்துக்கு முன்பாவது? மருதம்மாளின் பதினொரு பூனைகளையும் தனித்தனியே படம் எடுத்தார்கள். ஒன்று ஓடிப்போய்விட, மறுநாள் அதற்காகவே ஒருவர் திரும்பி வந்தார்.

கோயில் தலைவர் காளிதாசன் பொறுப்பான மனிதர். ஊருக்கே கண்நோய் என்றதும் அடுத்த வெள்ளிக்கிழமை விசேஷ பூசை வைத்தார். ஒவ்வொருவர் கண்மீதும் பூசாரி மூன்று தடவை திருநீறு ஊதினார். அன்று பிற்பகல் குழு இருபது பேரை மறுபடியும் சோதித்தது. எல்லாருக்கும் ஒரு நிலை ஏறியிருந்தது. ஏற்கெனவே நான்கில் இருந்தவர்களுக்கு இயந்திரம் எண் எதுவும் தராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னது. அவர்கள் போகும் வழியில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

குணவதிதான் கண்டுபிடித்தாள். பட்டையைக் கழற்றித் துடைக்கப் போனவள், விரலைப் பார்த்திருக்கிறாள். பிறகு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். இமைமயிரில் சாம்பல், கண்ணீரில் மிதக்கும் சாம்பல். மறுநாள் எல்லார் கைத்தொலைபேசியிலும் அவள் குரல்: "யாருக்கும் ஒன்னும் இல்ல, எல்லாம் திருநூறு. பயப்படாதீங்க. அடுத்த தடவ மூஞ்சி களுவிட்டு வாங்க. சாமி கோச்சுக்காது."

ஊர் சிரித்தது. நானும் சமையலறையில் நின்று சிரித்தேன். அப்போது அடுப்பின் மேலிருந்த கேத்தல் இரண்டாகத் தெரிந்தது. வலிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. அது அப்படியே இருந்தது.

மருத்துவமனைத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் செய்தி வந்தது. தேதி ரத்து. நான் தொலைபேசியில் அழைத்தேன். அங்கிருந்த பெண், அந்தப் பட்டியலில் இருந்த தமிழ்ப்பெயர்கள் அனைத்தையும் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். "ஆன்ட்டி, உங்களுக்கு நோய் இல்லை. உங்களுக்குச் சாம்பல்."

துரைசிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"எங்களுக்கோ? சாம்பலோ? நாலு தலைமுறையா வேதக்காரர் எண்டு சொன்னனீரோ?"

"இல்லையப்பா."

"ஏன் சொல்லேல்லை? எங்களையும் தோட்டத்து ஆக்களையும் ஒரே பட்டியலில போட்டு வெட்டியிருக்கிறாங்கள். பெயரைப் பார்த்து! விசரங்கள்."

அவர் மருத்துவமனைக்கு எழுதினார். மறுவாரம் பதில் வந்தது. நோயாளி திருநீறு அணியும் வழக்கமில்லாதவர் என்று பொறுப்பான ஒருவர் கடிதம் கொடுத்தால், பழைய முடிவு செல்லும். அடுத்த முகாமில் கடிதத்தைக் காட்டினால் அன்றைக்கே தேதி. மற்றவர்கள் புதிதாகப் பதிந்துகொள்ளலாம். ஐந்து மாதம் ஆகும்.

போதகர் கடிதம் கொடுத்தார். சகோதரி நவமணி துரைசிங்கம் இச்சபையின் அங்கத்தினர் என்றும், நெற்றியிலோ கண்ணிலோ சாம்பல் பூசுபவர் அல்லர் என்றும் எழுதினார். நேர்மையான மனிதர், ஆகவே "சாம்பல் புதன் ஒன்று நீங்கலாக" என்றும் சேர்த்தார். துரைசிங்கத்துக்கு அந்த வரி பிடிக்கவில்லை. அதற்காக அரைமணி நேரம் வாதாடினார்கள், கடைசியில் அடைப்புக்குறிக்குள் போடுவதென்று ஒத்துக்கொண்டார்கள். நான் போதகர் மனைவி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு இடது கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாய்க்குள் பிஸ்கட் இருந்தது. அது காரணமல்ல என்று எனக்குத் தெரியும்.

தனியார் மருத்துவரிடம் போவோமே என்று அன்று மாலை கேட்டேன்.

"கடிதம் இருக்கேக்க ஏன் போறது?" என்றார்.

அவருக்கு அது கண் விஷயமாக இருந்த காலம் கடந்துவிட்டது. எனக்கும்தானோ? ரமணியை அழைத்தால் அவள் கார் எடுத்திருப்பாள். ஆனால் போனால், அந்தக் கடிதத்தை ஏன் வாங்கினோம் என்றாகிவிடும். ஒரு பொய்யைக் காப்பாற்ற இருக்கிற ஒரே நல்ல கண்ணை அடகு வைத்திருந்தேன். அதுவும் நான் வாய்திறந்து சொல்லாத பொய். இரவில் விழித்துக்கொண்டு வலது கண்ணால் மட்டும் மின்விசிறியைப் பார்த்துப் பழகினேன். அது ஒரு சாம்பல்நிறப் பூவாகத் தெரிந்தது. இப்படியே இருந்துவிடலாம் என்றுகூட ஒரு நாள் தோன்றியது. குருடியாகிவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த முகாம் யான் என்ற ஊரில். குனோங் ஜெராய் மலையின் அடிவாரத்து வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். வெயில் அதில் பட்டுத் தெறித்து என் இமைகளைத் துளைத்தது. முகத்தில் துவாலையைப் போட்டுக்கொண்டு போனேன். கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள் அவர் மடியில்.

மண்டப வாசலில் ஒரு மலாய் அம்மா சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் கன்னத்தில் பெடாக் என்கிற அரிசிமாவு முகப்பூச்சு பூசியிருந்தார். இயந்திரத்துக்கு இப்போது சாம்பலை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அது அவருக்கு "அபு" என்று தாள் கொடுத்துவிட்டது. அபு என்றால் சாம்பல். "என் முகத்தில் ஏது சாம்பல்?" என்று அவர் மலாயில் கேட்டதை, துரைசிங்கம் மிகுந்த அனுதாபத்துடன் தலையாட்டிக் கேட்டார்.

குணவதி கடிதத்தைப் படித்தாள். கணினியில் என் பழைய படத்தைத் திறந்தாள். திரை முழுக்க ஒரு கண், இமைமயிர்கள் மரங்கள் மாதிரி. ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பொடி. கீழே: அபு, 98 விழுக்காடு.

"இது ஆற்ற கண்?" என்றார் துரைசிங்கம்.

"டீச்சரோடதுதான் சார்."

"மாறிப் போட்டியள். உங்கட மெசினுக்குத் தமிழர் எண்டால் எல்லாரும் ஒண்டுதான்."

"மாறாது சார், நோம்பர் இருக்கு பாருங்க. சார் மாறிடுச்சுன்னு சொன்னா கம்ப்ளேன் எழுதுங்க. விசாரிப்பாங்க. அதுவரைக்கும் டீச்சரோட ஃபைல மூடி வச்சிருவாங்க."

"எழுதுறன். பேனையைத் தாரும்."

பேனா அவர் கைக்குப் போனது. என்னால் அதன் முனையைப் பார்க்க முடியவில்லை, வெறும் நீலக் கறை ஒன்று அசைந்தது. எழுதிவிட்டால் அவருக்கு வெற்றி. அந்த வெற்றியை மாதக்கணக்கில் வாசித்துக்கொண்டிருப்பார், எனக்கும் சேர்த்து.

"அது என்ர கண்தான்," என்றேன். "நான்தான் பூசினனான். அண்டைக்கு ரமணியோட கோயிலுக்குப் போனனான்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். கடிதத்தை உறைக்குள் வைத்தார். மறுபடி எடுத்து, நேராக்கி, மறுபடி வைத்தார்.

"போய் மூஞ்ச களுவிட்டு வாங்க டீச்சர்," என்றாள் குணவதி மெதுவாக. "ஒடனே ஒரு படம் எடுத்துடலாம்."

கழுவினேன். நெற்றி வைத்தேன். ஜாஙான் பெர்கெலிப். அபு, 91.

மறுபடியும் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அபு, 94.

மூன்றாம் முறை இமைமயிரை ஒவ்வொன்றாக விரலால் தேய்த்தேன். அபு, 97. கழுவக் கழுவச் சாம்பல் கூடிக்கொண்டே போனது. உள்ளே இருந்த வெள்ளணுக்கள்தான் கழுவக் கழுவத் தெளிவாகத் தெரிந்தன, இயந்திரத்துக்கு அவை சாம்பல். இது எனக்குப் பிறகு விளங்கியது. அப்போது விளங்கியதெல்லாம் குணவதி குனிந்து என் காதருகே கேட்ட கேள்விதான்.

"டீச்சர், இன்னைக்கும் கோயிலுக்குப் போய்ட்டு வந்தீங்களா?"

"இல்லை."

"சார் இருக்காருன்னு பயப்படாதீங்க. சொல்லிடுங்க."

"இல்லை, குணவதி."

அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் ஒரு போதகரின் கடிதத்தை நானே பொய்யாக்கியிருந்தேன். கோபத்தில் அழுகை வந்தது. அழுதால் கண் இன்னும் சிவந்தது. இனி யார் சொல்லி யார் கேட்பார்கள் என்று எண்ணியபோது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

துரைசிங்கம் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அவர் வெள்ளைக் கைக்குட்டை மட்டும்தான் வைத்துக்கொள்வார், நானே இஸ்திரி போடுவது. அதை விரலில் சுற்றி என் நெற்றியைத் துடைத்தார். இமையைத் துடைத்தார். பிறகு துணியைக் குணவதி முன்னால் விரித்தார். கறுப்புத்துணியாக இருந்திருக்க வேண்டும். வெள்ளைத்துணியில் வெள்ளைச் சாம்பலை யார் பார்ப்பது? அதை அவரும் கண்டார். பிறகு தன் கால்சட்டையில், ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கால்சட்டையில், துணியை அழுத்தித் தேய்த்தார். காலைத் தூக்கிக் காட்டினார்.

"ஒண்டும் இல்லை. பாரும்."

மண்டபம் முழுக்க அவர் காலைப் பார்த்தது.

"டொக்டரைக் கூப்பிடும்," என்றார். "அவ தன்ர கண்ணால பாக்கட்டும்."

மூலையில் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இளம் மலாய்ப் பெண் மருத்துவர் எழுந்து வந்தார். பழைய உருப்பெருக்கி ஒன்றை இழுத்து, அரை நிமிடம் பார்த்தார். பிறகு இன்னும் அரை நிமிடம். உங்களுக்கு வெளிச்சம் கூசுகிறதா என்று கேட்டார். கண்மணி உள்ளே இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கிறது என்றார். இன்னும் சில வாரம் போயிருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல், குணவதியிடம் சொட்டு மருந்து கேட்டார். இப்போதே போடுங்கள், மணிக்கு ஒருதரம், இன்றைக்கே மருத்துவமனை.

பார்வை திரும்புமா என்று கேட்டேன். பெரும்பாலும் திரும்பும் என்றார்.

ஒரே சிக்கல், கணினி விடவில்லை. அபு என்று முடிவான நோயாளிக்குக் கடிதம் அச்சிட அதற்கு வழி இல்லை. மருத்துவரும் குணவதியும் கால்மணி நேரம் போராடி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். மருத்துவமனையில் காட்டச் சொல்லிக் கொடுத்த தாள் என்னிடம் இன்றும் இருக்கிறது. நோய்: சாம்பல், நிலை மூன்று. உடனடிச் சிகிச்சை தேவை.

அவர் காரை எடுத்தார். வயல்கள் போயின. துவாலைக்கு அடியில் நான் அவர் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். குரூன் ஊரைத் தாண்டியபோது கேட்டார்.

"எந்தக் கோயில்?"

"முனியாண்டி."

"அந்தச் சுருட்டு வைக்கிற கோயிலோ?"

"ஓம்."

இன்னும் இரண்டு மைல் ஓட்டினார்.

"போறதெண்டால் எங்கட ஆக்களின்ர கந்தசாமி கோயிலுக்காவது போயிருக்கலாமே."

நான் சிரித்தேன். கண் வலித்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. வேடிக்கையாக அவர் அதைச் சொல்லவில்லை. நாலு தலைமுறையாக நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தானா என்று கேட்டுக்கொண்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒரு துரியான் கடை நிழலில் காரை நிறுத்தினார்.

"மணி ஆச்சு. துவாயை எடும்."

வலது கையில் சொட்டு மருந்தோடு, இடது கையால் என் நெற்றியைப் பின்னால் சாய்த்தார். பெருவிரல் நெற்றியின் நடுவே அழுத்தி இருந்தது. முகத்தை மிகப் பக்கத்தில் கொண்டுவந்தார், அவருக்கும் பார்வை அவ்வளவு சரியில்லை. மூச்சு என் கன்னத்தில் பட்டது.

"மேல பாரும்," என்றார். "கண்ணை வெட்டக்கூடாது."